தண்டன், தண்டனை, தண்டால்: நீடாமங்கலத்தில் ஒரு பயிற்சி வகுப்பு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் சிக்கிக்கொள்ளாத தஞ்சாவூர் ஜில்லாக்காரர் யாரும் இருக்கமுடியாது. தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி என்று மூன்று பக்கமும் ரயில் போகிற ஜங்ஷன். அதிலும் சரக்கு ரயிலுக்கு எஞ்சினை முன்னும் பின்னும் மாற்ற ஆரம்பித்தால் "கேட் போட்டாச்சு" என்று வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அப்படி ஒருநாள் டீ குடிக்கும்போதுதான் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். 'உடல் எடைப் பயிற்சி. எட்டு வாரம். ஞாயிறு காலை. கருவிகள் தேவையில்லை.'

எனக்கு வயது நாற்பத்தாறு. பி.இ. முடித்ததிலிருந்து நாற்காலிதான் என் தொழிற்கருவி. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றாகி, சென்னையிலிருந்து ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடமாக இடுப்புவலி. ஒருநாள் அம்மா கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னாள். குனிந்தவன் நிமிர முடியவில்லை. எழுபத்திரண்டு வயது அம்மா என்னைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். அன்று பட்ட வெட்கம்தான் என்னை அந்த வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வழக்கமாக இங்கே கல்வெட்டு, கால்வாய், பழைய ரயில் பாதை என்று எழுதுகிறவன் உடற்பயிற்சியைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வகுப்பில் கேட்ட ஒரு சொல் என்னை அகராதிக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கிருந்து எங்கெங்கோ போய் கடைசியில் எங்கள் ஊர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கே திரும்பி வந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

மொட்டைமாடி வகுப்பு

ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடி. பதினான்கு பேர். போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் ஆறு பேர், ஒரு பள்ளி ஆசிரியை, இரண்டு மூன்று கடைக்காரர்கள், நான். சொல்லிக்கொடுக்கிற தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். உடற்கல்வி படித்தவர்.

முதல் வாரம் என்னைச் சுவரில் கையை ஊன்றித் தள்ளச் சொன்னார். எனக்கு மானம் போனமாதிரி இருந்தது. "தம்பி, நேரா தரையிலேயே போடட்டுமா?" என்றேன். "போடுங்க சார்" என்றார். இரண்டு போட்டேன். மூன்றாவதில் வயிறு தரையில் ஒட்டிக்கொண்டது. அவர் சிரிக்கவில்லை. "சுவர், அப்பறம் பெஞ்சு, அப்பறம் முட்டி போட்டு, அப்பறம்தான் தரை. வெயிட்ட கூட்டுறதுக்கு இரும்பு வேணாம் சார். சாய்வ மாத்துனா போதும்" என்றார்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. தரையில் முழுசாகப் புஷ்-அப் எடுக்கும்போது நம் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கையில் இறங்குகிறது. முட்டியை ஊன்றினால் ஏறத்தாழ பாதி. சுவரில் சாய்ந்தால் அதைவிட வெகுகுறைவு. நான் 82 கிலோ. அப்படியானால் முட்டி ஊன்றிய புஷ்-அப் எனக்கு 40 கிலோ சொச்சம், முழு புஷ்-அப் 55 கிலோ. உடம்பே ஒரு நெம்புகோல். கோணத்தை மாற்ற மாற்ற பாரம் மாறும். இந்த 40 கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்றாம் வாரம், "இன்னிக்கு இந்து புஷ்-அப்" என்று செய்துகாட்டினார். இடுப்பைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, தரையை ஒட்டி முன்னால் வந்து, பாம்பு படமெடுப்பதுபோல நெஞ்சைத் தூக்கி, திரும்பப் பின்னால். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் தாத்தா வெண்ணாற்றங்கரையில் குளிப்பதற்கு முன்னால் அரையில் துண்டோடு தினமும் செய்தது இதுதான். அவர் இதைத் தண்டால் என்பார். கூடவே உட்கார்ந்து எழுவது பஸ்கி. "தண்டால் அம்பது, பஸ்கி நூறு, அப்பறம் பழைய சோறு" என்பார். தாத்தா செய்தது அமெரிக்காவைச் சுற்றிவிட்டு 'இந்து' என்ற அடைமொழியோடு நீடாமங்கலத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு சொல், மூன்று வேலை

தண்டால் என்பது வடக்கே 'தண்ட்' என்று வழங்குகிற பயிற்சி. 'தண்ட' என்றால் வடமொழியில் கோல், கம்பு. உடம்பைக் கம்புபோல நீட்டிக் கிடப்பதால் அந்தப் பெயர். இதே சொல்தான் நம்மிடம் வேறு இரண்டு உருவத்திலும் இருக்கிறது. பெருமாள் கோயிலில் கம்பு விழுந்ததுபோல நெடுஞ்சாண்கிடையாக விழுவது தண்டனிடுதல். வைணவர்கள் தண்டன் சமர்ப்பிப்பது என்பார்கள். கோலால் அடிப்பதிலிருந்து வந்தது தண்டனை.

வழிபாடு, பயிற்சி, அடி. மூன்றுக்கும் ஒரே வேர். மூன்றிலும் உடம்பு தரையை நோக்கித்தான் போகிறது. யார் போகச் சொன்னது என்பதில்தான் வித்தியாசம். இதை முதலில் ஒரு சுவாரசியமான சொல்லாராய்ச்சியாக மட்டும்தான் குறித்துவைத்தேன்.

பஸ்கியும் வடக்கத்திய சொல்தான். மராத்தியில் உட்காருவதற்கு 'பஸ்ணே', இந்தியில் இதே பயிற்சிக்கு 'பைட்டக்'. பழைய ஆட்கள் உடற்பயிற்சிக் கூடத்தைத் தாலீம்கானா என்பார்கள். 'தாலீம்' அரபியில் கல்வி, பயிற்றுவித்தல். மராட்டிய நாட்டில் அது மல்லர் கூடத்துக்கே பெயராகிவிட்டது.

அதற்காக, தமிழனுக்கு உடற்பயிற்சியே வடக்கிலிருந்துதான் வந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். புறநானூற்றில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போரிட்டு வென்றதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். பல்லவன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்றே பட்டம். கன்னட நாட்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசத்தில் மல்லர்களின் பயிற்சி, சாப்பாடு இரண்டுக்கும் தனிப் பகுதியே உண்டு. பயிற்சி எங்கும் இருந்தது. தண்டால், பஸ்கி, தாலீம் என்று நம் தாத்தாக்கள் வாயில் நின்ற பெயர்கள்தான் பின்னால் வந்து சேர்ந்தவை.

யமுனாம்பாள்புரம்

இந்தப் பெயர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை. 1676 முதல் 1855 வரை இங்கே மராட்டிய அரசர்கள். எங்கள் ஊரே அதற்குச் சாட்சி. பிரதாபசிம்ம மகாராஜா (1739–1763) தன் அரசி யமுனாம்பாள் பெயரில் இங்கே சத்திரம் அமைத்தார். ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்றொரு பெயர் இருந்தது. குழந்தை வரம் வேண்டி அவர்கள் எடுப்பித்தது என்று சொல்லப்படும் சந்தானராமர் கோயில் இன்றும் இருக்கிறது.

தஞ்சாவூர் மேலவீதியில் மூலை அனுமார் கோயில் இருக்கிறது இல்லையா, அதைக் கட்டியவரும் இதே பிரதாபசிம்மர் என்பார்கள். மராட்டிய நாட்டில் அனுமார் கோயிலும் தாலீமும் அடுத்தடுத்து இருப்பது வழக்கம். சமர்த்த ராமதாசர் ஊர் ஊராக மாருதி கோயில்கள் அமைத்து இளைஞர்களை உடம்பைத் தேற்றச் சொன்னார் என்பது அவர்கள் மரபு. அந்த ராமதாசர் வழி மடங்கள் தஞ்சாவூரிலும் வந்தன. அனுமாரோடு தண்டாலும் கூட வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஐயாயிரம் பஸ்கி

தண்டாலும் பஸ்கியும் உலகத்துக்குத் தெரியவந்தது காமா பயில்வானால். 1910 செப்டம்பரில் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ இரண்டரை மணிநேரம் தரையோடு ஒட்டிக்கிடந்து சமாளித்தார். முடிவில்லாமல் போய், அடுத்த வாரம் மறுபோட்டி என்று அறிவித்தார்கள். ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கு. 1928இல் பாட்டியாலாவில் மறுபடியும் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள்ளேயே கீழே தள்ளிவிட்டார். காமா தினம் ஐயாயிரம் பஸ்கி, மூவாயிரம் தண்டால் என்று கதை பரவியது. அந்த எண்ணை நான் நம்பவில்லை, ஆனால் அவருடைய பயிற்சியின் அச்சாணி அந்த இரண்டும்தான்.

தெற்கிலும் அதே காலம் சூடாகத்தான் இருந்தது. காரணம் அரசியல். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைவராக இருந்த லார்டு ராபர்ட்ஸ், தெற்கத்திக்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற கருத்தில் உறுதியாக இருந்தவர். மெட்ராஸ் காலாட்படைக்கு ஆள் எடுப்பது சுருங்கியது. 'மதராசி நோஞ்சான்' என்ற பேச்சு நிலைத்தது இப்படித்தான். அதற்குப் பதில் சொல்வதுபோலப் பயில்வான்கள் வந்தார்கள். ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு சர்க்கஸில் மார்பின் மேல் யானையை ஏற்றிக்காட்டினார். பெங்களூரில் கே.வி. ஐயர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, இரும்பும் சூரிய நமஸ்காரமும் கலந்து கற்றுக்கொடுத்தார். அதற்கும் முன்னால், 1896இலேயே, பெங்களூரில் 'வியாயாம தீபிகை' என்று ஒரு கையேடு அச்சாகிவிட்டது. அதில் தண்டாலில் பல வகைகள் வருகின்றன.

மெட்ராஸில் 1920இல் அமெரிக்கரான ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னால் நந்தனத்தில் பெரிய வளாகமானது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளர் இவர்தான். நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்த டிரில் மாஸ்டர் பரம்பரைக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது. 'அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்' எல்லாம் ஐரோப்பிய டிரில்லின் மிச்சம். வரிசையாய் நிறுத்தி, எண்ணிக்கைக்கு உடம்பை மடக்குவது. தாலீம்கானாவில் குரு ஒவ்வொருவராகப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பேருக்கு ஒரு விசில்.

தோப்புக்கரணம்

நாலாம் வாரம் ஸ்குவாட். ஆசிரியை சொன்னார்: "இது தோப்புக்கரணம்தானே சார், காத புடிக்கல அவ்வளவுதான்."

உண்மைதான். பிள்ளையார் முன் போட்டால் வழிபாடு. வகுப்பில் போட்டால் தண்டனை. 2005 வாக்கில் பிலிப்பைன்ஸிலிருந்து சோவா கோக் சூயி 'சூப்பர் பிரெய்ன் யோகா' என்று புத்தகம் போட்டபிறகு அதுவே மூளைக்குப் பயிற்சி. மூளைக்கு என்ன செய்கிறதோ, தொடைக்கும் முட்டிக்கும் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆசிரியை சொன்னதும் எனக்கு ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. வீட்டுப்பாடம் எழுதாததற்கு எனக்குப் பத்து தோப்புக்கரணம். அதே தப்புக்கு, தெருவுக்கு அப்பாலிருந்து வந்த என் நண்பனுக்கு ஐம்பது. அவன் முடித்துவிட்டு நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்கு உறைக்கவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இந்த வட்டாரத்தில் உடம்பைத் தண்டிப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் தென்தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் அரசியல் மாநாடு நடந்தது. அங்கே மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆதி திராவிடர்களைப் பிறகு பிடித்து அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்கவைத்தார்கள். குடி அரசும் விடுதலையும் இதை விடாமல் எழுதின. ஆய்வாளர் ஆ. திருநீலகண்டன் இதைப் பற்றி 'நீடாமங்கலம்' என்று தனி நூலே எழுதியிருக்கிறார். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, நாற்பது வயதுக்குப் பிறகுதான் அந்த நூல் வழியாக இதைத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. யமுனாம்பாள் கதையை மட்டும் நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள்.

சவுக்கடியும் சாணிப்பாலும் அன்று பண்ணைகளில் வழக்கமான தண்டனைகள். 1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் எழுந்தது. பி. சீனிவாசராவ் ஊர் ஊராக நடந்து ஆட்களைத் திரட்டினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், சவுக்கால் அடிக்கக்கூடாது, சாணிப்பால் கொடுக்கக்கூடாது என்று எழுத்தில் வந்தது. எழுதி ஒப்பந்தம் போட்டுத்தான் நிறுத்தவேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

தாத்தா வெண்ணாற்றங்கரையில் தண்டால் எடுத்தது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும். அதே நேரத்தில், அதே ஆற்றுப் பாசனத்தில், விடிகாலையிலிருந்து குனிந்தபடி இருந்தவர்களுக்குத் தண்டால் என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை.

நாற்பது கிலோ

ஆறாம் வாரம் வகுப்பு முடிந்து தம்பியோடு டீக்கடையில் நின்றேன். கேட் போட்டிருந்தது. கூட்ஸ் ஷெட்டில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொள்முதல் நிலையங்களிலிருந்து லாரியில் வருகிற நெல்லை இங்கிருந்துதான் வெளி மாவட்டங்களுக்கு அரவைக்கு அனுப்புகிறார்கள். ஆயிரம் டன், இரண்டாயிரம் டன் என்று பேப்பரில் சின்னதாகச் செய்தி வரும்.

என் தொழில்புத்தி கணக்குப் போட்டது. ஒரு சிப்பம் 40 கிலோ. ஆயிரம் டன் என்றால் 25,000 சிப்பம். நூறு பேர் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 250. பத்து டன். லாரியிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து வேகனுக்கு. முட்டி ஊன்றி நான் எடுக்கிற ஒரு புஷ்-அப்பின் எடை ஒரு சிப்பம். நான் பன்னிரண்டு எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் மூச்சு வாங்குவேன்.

"தம்பி, இவங்கள விட ஸ்ட்ராங்கான ஆளு யாரு இருக்கா? இவங்களுக்கு உங்க வகுப்பே தேவையில்ல" என்றேன், பாராட்டுகிற தொனியில்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "எங்கப்பா இந்த ஷெட்டுலதாண்ணே முப்பது வருஷம் தூக்குனாரு. இப்ப அவரால சட்டைய மாட்ட கைய மேல தூக்க முடியாது. கழுத்து எலும்பு தேஞ்சுபோச்சு, முட்டி ரெண்டும் போச்சு. அறுபத்தோரு வயசுதான்." கொஞ்சநேரம் கழித்துச் சொன்னார்: "உங்களுக்கு மொத வாரம் சுவத்துல கைய வைக்கச் சொன்னேன்ல, அவருக்கு அப்படி யாரும் சொல்லலண்ணே. மொத நாளே முழு மூட்டை."

அதுவரை 'சார்' என்றவர் அன்றுதான் 'அண்ணே' என்றார். நான் எதுவும் பதில் சொல்லவில்லை.

பயிற்சிக்கும் பாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு வாரத்தில் அவர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. தசையும் தசைநாரும் பாரத்தால் வளர்வதில்லை. பாரத்துக்குப் பின் வரும் ஓய்வில்தான் வளர்கின்றன. அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, வலித்தால் ஒருபடி இறங்கு என்கிறார்கள். படிப்படியாக ஏற்றுவது, ஓய்வு, வேண்டாம் என்று நிறுத்துகிற உரிமை. இந்த மூன்றும் இருந்தால் பயிற்சி. மூன்றையும் எடுத்துவிட்டால் அதே அசைவு உடம்பைத் தின்றுவிடும்.

உலகம் இதை எண்ணாகவும் எழுதிவைத்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் வருடப் பரிந்துரை, வயதுவந்த ஆண் தூக்கும் அதிகபட்ச பாரத்தை 55 கிலோ என்கிறது. அமெரிக்காவின் தொழில்நலக் கழகம் 1991இல் கொடுத்த சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவுக்கு மேல் கூடாது. அடிக்கடி தூக்கவேண்டியிருந்தால் அதுவும் குறையும். நாம் சிப்பத்தை 40 கிலோவில் தைக்கிறோம். நாம் என்று சொல்வது சரிதான். அந்த அரிசியை நானும்தான் சாப்பிடுகிறேன்.

எட்டாம் வாரம்

கடைசி ஞாயிற்றுக்கிழமை தரையில் ஒன்பது முழு புஷ்-அப் எடுத்தேன். தண்டால் ஐந்து. தாத்தாவின் கணக்கில் பத்தில் ஒரு பங்கு. சிலிண்டரை இப்போது குந்தி உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து நகர்த்துகிறேன். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நம்பிக்கையில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் தம்பியிடம் ஒன்று கேட்டேன். ஷெட்டில் ஏற்றுகிற ஆட்களுக்கு, வேலை இல்லாத நாளில் கழுத்துக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் ஏதாவது சொல்லிக்கொடுக்க முடியுமா, மண்டப வாடகையை நாங்கள் நாலைந்துபேர் பார்த்துக்கொள்கிறோம் என்று. "அவங்களுக்குப் பயிற்சி இல்லண்ணே, ரெஸ்ட்டுதான் வேணும்" என்றார். பிறகு, "கேட்டுப்பாக்குறேன்" என்றார்.

போன ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள். அதில் நாலு பேரை அவர் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, வெறுமனே மூச்சு விடச் சொன்னார். பத்து நிமிடம். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அவர் எழுப்பவில்லை.